நல்லெண்ணமும் நல்ல எண்ணிக்கையும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் கரையோரப் பங்கொன்றில் நான் பணியாற்றிய காலத்தில், மூதாளர் சங்கத்தின் துணையோடு இரத்த அழுத்தம் பார்க்கும் முகாம் ஒன்றை நடத்தினோம். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் மண்டபத்தில் மேசை போட்டு, இளைப்பாறிய தாதி ஒருவர் எல்லோருக்கும் அளந்து பார்ப்பார். அழுத்தம் கூடுதலாக இருந்தவர்களின் பெயர்களைத் தனிக் கொப்பியில் எழுதிக்கொண்டோம். அவர்களுக்கு மாத்திரம் மூன்று மாத வகுப்பு: உப்பைக் குறைப்பது, காலையில் நடப்பது, கிளினிக்கில் தந்த குளிசையை நடுவில் நிறுத்தாமல் போடுவது. மூன்று மாதம் கழிய மறுபடி அளந்தபோது பெரும்பாலானோருக்கு அழுத்தம் நன்றாக இறங்கியிருந்தது. எங்களுக்கு மகிழ்ச்சி சொல்லி முடியாது. உதவிய வெளிநாட்டு நிறுவனத்துக்கு வரைபடமும் போட்டு ஓர் அறிக்கை எழுதினேன்.

அதை அனுப்பு முன்னர், கம்பசில் புள்ளிவிபரவியல் படிப்பிக்கும் அன்பர் ஒருவரிடம் காட்டினேன். உண்மையைச் சொன்னால், பாராட்டு வாங்கத்தான் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு கேள்விகள் கேட்டார்.

“ஃபாதர், நீங்கள் இந்த வகுப்பை நடத்தாமல் விட்டிருந்தாலும் இவையின்ர பிறஷர் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். அது எவ்வளவு எண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

எனக்குத் தெரியாது.

“சரி. முதல் கொப்பியில இருக்கிற ஆக்கள் எல்லாரும் கடைசிக் கணக்கில இல்லை. மிச்ச ஆக்கள் எங்கை?”

அதுவும் தெரியாது. மூன்று மாதம் முடிய மண்டபத்துக்கு வந்தவர்களைத்தான் அளந்தோம். வராதவர்களின் பெயர்களுக்கு மேலே நானே கோடு கீறியிருந்தேன். அன்று மாலை அந்தக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஒருவர் கொழும்பில் மகளிடம் போய்விட்டார். ஒருவருக்கு எங்கள் வகுப்பில் நாட்டமில்லை. கரைவலைத் தொழில் செய்த முதியவர் ஒருவர், வகுப்புத் தொடங்கி இரண்டாம் மாதத்தில் பாரிசவாதம் வந்து, வலக்கையும் வலக்காலும் இயங்காமல் பாயில் கிடந்தார். நற்கருணை கொடுக்க அந்த ஒழுங்கையால் எத்தனையோ தடவை போய்வந்தவன் நான். எனது அறிக்கையில் அவர் இல்லை. ‘வகுப்பை முடிக்காதவர்’ என்று விலக்கியாயிற்று.

வாசகர்களுட் பலர் சனசமூக நிலையங்களிலும் மாதர் சங்கங்களிலும் சுகாதாரப் பணி செய்பவர்கள். எனவே அந்த இரு கேள்விகளையும் சற்று விரித்துச் சொல்வது பயனுடையது.

இரத்த அழுத்தம் நிலையான ஒன்றன்று. வெயிலில் நடந்து வந்தவருக்கு ஓர் அளவு, வரிசையில் நின்று பக்கத்தவரோடு வாய்த்தர்க்கப்பட்டவருக்கு இன்னோர் அளவு, ஆறியிருந்தவருக்கு வேறோர் அளவு. நாம் தெரிந்தெடுத்தவர்களோ அந்த ஒரு நாளில் உயர்வாகக் காட்டியவர்கள். அவர்களுட் சிலர் உண்மையான நோயாளர். சிலர் அன்று மட்டும் ஏறியிருந்தவர்கள். இன்னொரு நாள் அளந்தால் இப்பிற்கூட்டத்தாருக்கு எந்த வைத்தியமும் இல்லாமலே இறங்கிவிடும். அவர்களைச் சேர்த்துப் பார்க்கும்போது மொத்தச் சராசரியும் இறங்கும். இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பர் புள்ளிவிபரவியலாளர். முழு இறக்கமும் எங்கள் வகுப்பின் பலன் என்று நான் உரிமை கொண்டாடியது, மாரியில் வேலி நட்டுவிட்டு, கதியால் தளிர்த்ததற்கு என் கைராசிதான் காரணம் என்று சொன்ன மாதிரி.

இதற்கு மருந்து ஒன்றே. அதே மாதிரியான ஆட்களில் ஒரு பகுதியினருக்கு வகுப்பு நடத்தாமல், அவர்களையும் அதே நாளில் அதே கருவியால் அளக்க வேண்டும். தானியேல் நூலின் முதலாம் அதிகாரத்தில் இது இருக்கிறது. அரசனின் உணவை மறுத்த நான்கு இளைஞர் பத்து நாள் மரக்கறியும் தண்ணீரும் உண்டபின், அரசனின் உணவை உண்ட மற்ற இளைஞரோடு ஒப்பிடப்படுகின்றனர். ஒப்பீட்டு ஆய்வுக்கு இதுவே மிகப் பழைய எடுத்துக்காட்டு என்பாருமுண்டு. என் கம்பஸ் நண்பர் அதற்கும் குறை சொன்னார்: நான்கு பேர் மிகச் சிறிய தொகை, மரக்கறி உண்போரைத் தெரிந்தது அவர்களுடைய சொந்த விருப்பம், முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன மேற்பார்வையாளனுக்கு யார் எதைச் சாப்பிட்டார் என்பது முன்பே தெரியும். இறைவாக்கினரையும் விடமாட்டார் போலும் என்று சிரித்தேன். ஆனால் அவர் சுட்டிய மூன்று குறைகளும் எங்கள் முகாமுக்கும் பொருந்தின.

யார் எந்தப் பக்கம் என்பதை எவருடைய விருப்பத்துக்கும் விடாமல், திருவுளச்சீட்டுப் போல எழுமாறாகப் பிரிப்பதே இன்றைய முறை. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்தபோது திருத்தூதர்களும் சீட்டுத்தான் போட்டார்கள். மருத்துவ ஆய்வில் இம்முறையை நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவர் பிரித்தானியாவின் ஒஸ்ரின் பிராட்ஃபோர்ட் ஹில். அவர் வைத்தியர் அல்லர். வைத்தியராக விரும்பியவர், முதலாம் உலகப் போரிற் பணியாற்றுகையில் கசநோய் தொற்றி, அந்த வழி அடைபட்டு, தபால் மூலம் பொருளியல் படித்துப் பட்டம் பெற்று, ஈற்றில் புள்ளிவிபரத்துக்கு வந்தவர். 1948இல் வெளியான ஸ்ரெப்ரோமைசின் ஆய்வை வடிவமைத்தவரும் இவரே. மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் 4 பேர் இறந்தனர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தனர். எக்ஸ்றே படங்களைப் பார்த்தவர்களுக்கு, எந்தப் படம் எந்தக் குழுவினருடையது என்பது மறைக்கப்பட்டிருந்தது.

‘மருந்தை ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்கு மறுப்பதா?’ என்ற கேள்வி இங்கே எழும். குருவானவன் என்ற முறையில் என்னை அதிகம் உறுத்திய கேள்வியும் இதுவே. போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் எல்லோருக்கும் போதிய ஸ்ரெப்ரோமைசின் இருக்கவில்லை. எப்படியும் சிலருக்குத்தான் கிடைக்கும். முகம் பார்த்துக் கொடுப்பதா, சீட்டுப் போட்டுக் கொடுப்பதா என்பதே தெரிவு. நிவாரணப் பொருள் பங்கிட்ட எவருக்கும் இந்த நிலை புதிதன்று. நூறு குடும்பத்துக்கு அறுபது பொதி வந்தால், ‘சுவாமிக்குத் தெரிந்த ஆக்களுக்கு’ என்ற பேச்சு வராமல் கொடுக்கும் வழி சீட்டுத்தான். பொருள் தாராளமாக இருக்கும் இடத்தில் வேறொரு நியாயம் உண்டு. அது பயன் தருமா, தீங்கு செய்யுமா என்பது உண்மையில் எவருக்கும் தெரியாதிருக்க வேண்டும். தெரிந்த நன்மையை ஆய்வுக்காக மறுப்பது பாவம். தெரியாத ஒன்றை நன்மை என்று சொல்லி எல்லோர் தலையிலும் கட்டுவதும் சிறிய பாவமன்று.

எங்களுக்கு அண்மையில், பாக்குநீரிணைக்கு அப்பால் நடந்த ஆய்வொன்று இதைத் துலாம்பரமாகக் காட்டுகிறது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியன இணைந்து சென்னையில் கசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தை அமைத்தன. வைத்தியர் வாலஸ் ஃபொக்ஸ் அதற்குத் தலைமை தாங்கினார். கசநோயாளர் சனற்றோரியத்தில் தங்கி, ஓய்வெடுத்து, நல்லாய்ச் சாப்பிட்டால்தான் தேறுவர் என்பது அக்காலத்து உறுதியான நம்பிக்கை. நோயாளரோ ஏராளம், கட்டில்களோ சொற்பம். மருந்தைக் கையிற் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் என்ன?

193 நோயாளரை எழுமாறாக இரண்டாகப் பிரித்தார்கள். இரு சாராருக்கும் ஓராண்டு அதே மருந்துகள். ஒரு சாரார் சனற்றோரியத்தில். மறு சாரார் நெரிசலான வீடுகளில், குறைந்த உணவோடு, பலர் வேலைக்கும் போய்க்கொண்டு. மருந்து போடுகிறார்களா என அறிய முன்னறிவித்தலின்றி வீட்டுக்குப் போய்க் குளிசை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். ஆண்டு முடிவில் சனற்றோரியத்தில் 92 சதவீதத்தினரிலும் வீட்டில் 86 சதவீதத்தினரிலும் நோய் அடங்கியிருந்தது. வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் அதிகமாகத் தொற்றவுமில்லை. 1959இல் வெளியான இந்த முடிவு வறிய நாடுகளின் கசநோய்த் திட்டங்களை மாற்றியது. இன்று எங்கள் பக்கத்துக் கசநோயாளர் வீட்டிலிருந்து மருந்து எடுப்பதற்கு வழி திறந்த ஆய்வு இது.

இதிற் புள்ளிவிபரவியலாளர் என்ன செய்தார்? ஒருவேளை வைத்தியர்களே நோயாளரைப் பிரித்திருந்தால், இரக்கத்தினால் கடுமையானவர்களைச் சனற்றோரியத்துக்கும் இலேசானவர்களை வீட்டுக்கும் அனுப்பியிருப்பர். பிறகு வீடு வென்றாலும் தோற்றாலும் அதில் எவரும் எதையும் அறிய முடியாது. வைத்தியரின் இரக்கம் கணக்கைக் கெடுக்காதபடி காப்பது அவரது முதல் வேலை. அந்நிலையத்தின் ஆய்வறிக்கைகளில் வைத்தியர்களின் பெயர்களோடு எஸ். இராதாகிருஷ்ணா என்ற புள்ளிவிபரவியலாளரின் பெயரும் வருகிறது. அவர்கள் மருந்து கொடுத்து முடித்தபின் கணக்குப் பார்க்கக் கூப்பிடப்பட்டவர்கள் அல்லர்.

வைத்தியசாலைக்கு வெளியே, கிராமத்தில் ஆய்வு நடக்கும்போது இன்னொரு சிக்கல். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். ஒரே பானை, ஒரே நெருப்பு, ஒரே தண்ணீர் என்பதால் அது சரி. நெடுந்தீவும் நெல்லியடியும் ஒரே பானையில் வேகவில்லை. ஒரு கிராமத்தார் ஒரே கிணற்று நீரைக் குடிப்பவர், ஒரே கடையில் வாங்குபவர், ஒரே மிட்வைஃபின் சொல்லைக் கேட்பவர். எனவே ஒரே ஊரில் நூறு பேரை அளந்தால் நூறு சாட்சிகள் கிடைத்ததாகாது. மேலும், ஒரு வீட்டுக்குப் புத்தி சொன்னால் அது அன்று பின்னேரமே வேலிக்கு அப்பால் போய்விடும். ஆகவே கிராமங்களையே முழுதாகச் சீட்டுப் போட்டுப் பிரிக்கிறார்கள். எத்தனை கிராமம் வேண்டும் என்பதைப் புள்ளிவிபரவியலாளர் முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்வார். குறைவாக எடுத்தால், இருக்கும் பயன் கண்ணுக்குத் தெரியாமற் போகும். அளவுக்கு மேல் எடுத்தால் ஏழைகளின் நேரமும் பணமும் வீண்.

எங்கள் நாட்டிலேயே அப்படி ஓர் ஆய்வு நடந்தது. கிருமிநாசினி அருந்தி உயிரை மாய்க்கும் துயரத்தை வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்யும் எங்கள் ஊர்களும் அறியும். நஞ்சை வீட்டில் பூட்டி வைத்தால், ஒரு கணத்துக் கோபத்தில் கை அதற்குப் போகாது என்பது நியாயமான எண்ணம். உலகளாவிய அமைப்புகளும் அதை ஆதரித்தன. ஆனாலும் அதைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். அனுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்கள், 53,382 குடும்பங்கள். சீட்டின்படி 90 கிராமங்களுக்குப் பூட்டுப் பெட்டி. மற்றைய 90 கிராமங்களுக்கு இல்லை. மூன்றாண்டு கண்காணித்து, 2017இல் ‘லான்செற்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். இலட்சம் பேருக்கு ஓராண்டில் கிருமிநாசினி அருந்தியோர் பெட்டி கிடைத்த கிராமங்களில் 293; கிடைக்காத கிராமங்களில் 318.

இதைப் பார்த்து என்னைப் போன்றவன் என்ன எழுதியிருப்பான்? ‘பெட்டியினால் இருபத்தைந்து பேர் காப்பாற்றப்பட்டனர்’ என்று முன்பக்கத்தில் போட்டிருப்பேன். இத்தனை சிறிய வேறுபாடு சீட்டின் தற்செயலாலேயே வரக்கூடும் என்பது புள்ளிவிபரவியலாளரின் தீர்ப்பு. உண்மைப் பயன் இருபது சதவீதக் குறைவாகவும் இருக்கலாம், எட்டுச் சதவீதக் கூடுதலாகவும் இருக்கலாம்; பெட்டி பயன் தந்ததற்குச் சான்றில்லை. அதே நாட்டில், மிகக் கொடிய நஞ்சுகளை 1995இலும் எண்டோசல்பானை 1998இலும் தடைசெய்தபின் நிகழ்ந்தது வேறு. 1995இல் இலட்சத்துக்கு 47 வரை ஏறியிருந்த தற்கொலை வீதம் பத்தாண்டில் ஏறத்தாழ அரைவாசியானது. 1996 முதல் 2005 வரையான பத்தாண்டில், அதற்கு முந்திய பத்தாண்டைவிட ஏறத்தாழ 20,000 தற்கொலைகள் குறைவு என்று கணக்கிட்டுள்ளனர். பெட்டிக்குப் பணம் திரட்டுவதா, நஞ்சு கடைக்கே வராமற் தடுக்கக் குரல் கொடுப்பதா என்று ஓர் அபிவிருத்தி நிறுவனம் தீர்மானிக்கும்போது இவ்விரு கணக்குகளும் மேசையில் இருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் சங்கடம் தந்த ஆய்வு இன்னொன்று. போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் வட இலங்கைப் பாடசாலைச் சிறுவர்களிடையே, மன அதிர்ச்சியைத் தணிக்கும் பதினைந்து அமர்வுகள் கொண்ட வகுப்பறை நிகழ்ச்சி ஒன்று பரீட்சிக்கப்பட்டது. வீற்சே ரொல் என்னும் டச்சு ஆய்வாளரோடு எங்கள் யாழ்ப்பாணத்து உளமருத்துவர் சிவயோகனும் அதிற் பங்குகொண்டார். மொத்தம் 399 பிள்ளைகள். ஒரு பகுதியினருக்கு உடனே நிகழ்ச்சி, மற்றவர்களுக்குப் பிறகு. 2012இல் முடிவு வெளியாயிற்று. எதிர்பார்த்த முதன்மைப் பலன் மொத்தக் குழுவில் தெரியவில்லை. நடத்தைச் சிக்கல்களில் நன்மை இருந்தது. ஆண்பிள்ளைகளுக்கும் நன்மை தெரிந்தது. ஆனால் நிகழ்ச்சியிற் பங்குபற்றிய பெண்பிள்ளைகளின் அதிர்ச்சி அறிகுறிகள், காத்திருந்த பெண்பிள்ளைகளுக்குக் குறைந்த அளவுக்குக் குறையவில்லை.

பாட்டும் விளையாட்டும் சித்திரமும் கொண்ட நிகழ்ச்சிகளைப் பிள்ளைகளுக்கு நாங்களும் நடத்தியிருக்கிறோம். பிள்ளைகள் சிரித்த படங்கள் என் அலுமாரியில் இன்னும் உண்டு. காத்திருந்த பிள்ளைகள் என்ற ஒரு பகுதி எங்களிடம் இருக்கவில்லை. ஆதலால், எந்தப் பிள்ளைக்கு எங்கள் கை கனத்தது என்பதை நாங்கள் அறியவே இல்லை. இத்தகைய உட்குழு முடிவுகளையும் எச்சரிக்கையோடுதான் எடுக்க வேண்டும் என்று புள்ளிவிபரவியலாளர் சொல்வர். ஆண், பெண், சிறியவர், பெரியவர் என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தால் எங்காவது ஒரு வேறுபாடு தற்செயலாகவே தலைகாட்டும். மாமரத்துக்குக் கல்லெறிந்துவிட்டு, விழுந்த காயைக் காட்டி ‘இதற்குத்தான் குறிவைத்தேன்’ என்பது போலாகிவிடக் கூடாது. எதை அளப்போம், எப்போது அளப்போம் என்பதை முன்கூட்டியே பதிய வேண்டும் என்பது அதனாற்றான். இலங்கையில் அதற்கென ஒரு பதிவேடு 2006இலிருந்து உண்டு.

மறுபடி இரத்த அழுத்தத்துக்கு வருகிறேன். பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமப்புறச் சமூகங்களில், அழுத்தமுள்ள 2,645 பேரிடையே நடந்த ஆய்வொன்று 2020இல் வெளியானது. பேராசிரியை தஸீன் ஜஃபார் தலைமை தாங்கினார். சமூகங்களையே எழுமாறாகப் பிரித்து, ஒரு பாதியில் சுகாதாரப் பணியாளர் வீடு தேடிப் போய் அளந்தார்கள், புத்தி சொன்னார்கள், வைத்தியரிடம் அனுப்பினார்கள். இலங்கையில் அப்பணியைச் செய்தவர்கள் எங்கள் மிட்வைஃப்மார். இரண்டு ஆண்டில் அவர்களின் சமூகங்களில் மேல் அழுத்தம் சராசரியாக 9.0 அளவு இறங்கியது. வழமையான பராமரிப்பு மட்டும் பெற்ற சமூகங்களில் 3.9 இறங்கியது. மற்றப் பாதி இல்லாதிருந்தால் ஒன்பது என்று பறைசாற்றியிருப்பர். அவர்கள் உரிமை கோரியது 5.2 மட்டுமே. வீடு வீடாக நடக்கும் ஒரு பெண்ணின் உழைப்பால் கிடைத்த அந்த ஐந்து, நம்பத்தக்க ஐந்து. சுகாதார அமைச்சின் முன் வைத்து ஆளணி கேட்கக்கூடிய ஐந்து.

இவையெல்லாம் பெரிய பணத்தோடு நடந்தவை. பங்குக்கும் சங்கத்துக்கும் ஏலாது என்று சிலர் சொல்லலாம். ஏலாதுதான். ஆனால் முகாம் நடத்து முன்னர் கணக்குத் தெரிந்தவரோடு ஒரு பின்னேரம் இருந்து பேச ஏலும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரம் படிப்பிக்கும் துறை இருக்கிறது, மருத்துவ பீடத்தில் சமுதாய மருத்துவத் துறை இருக்கிறது, ஆய்வு ஒழுக்கக் குழுவும் இருக்கிறது. மனிதர் மீது எதையாவது பரீட்சிப்பதானால் அக்குழுவின் அனுமதியின்றி ஓரடியும் வைக்கலாகாது. வேலை முடிந்தபின் கொப்பியோடு போனால், அந்த நண்பர் என்னிடம் சொன்னது போல, பிணத்தைக் கொண்டுவந்து வைத்தியம் கேட்ட கதைதான்.

அந்த அறிக்கையை நான் அனுப்பவில்லை. வேறொன்று எழுதினேன்: எத்தனை பேர் தொடங்கினர், எத்தனை பேர் வரவில்லை, வராதவர்களுக்கு என்ன நடந்தது, எங்கள் வகுப்பின் பலன் இவ்வளவு என்று ஏன் சொல்ல முடியாது. உதவி நிறுவனம் அடுத்த ஆண்டு பணத்தைக் குறைத்தது. இப்போதைய பங்கில் இரு வலயங்களுக்கு முதலிலும் இரு வலயங்களுக்கு ஆறு மாதம் கழித்தும் வகுப்பு என்று, மூதாளர் சங்கத் தலைவியின் பேத்தியைக் கொண்டு எல்லோர் முன்னிலையிலும் சீட்டு எடுப்பித்தோம். குளிசையும் கிளினிக்கும் எவருக்கும் நிறுத்தப்படவில்லை. கொப்பியின் கடைசிப் பக்கங்கள் வராதவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டுள்ளன. வியாழக்கிழமைகளில் சைக்கிளில் போய் அவர்களை வீட்டிலேயே அளந்து வருவது இப்போது இரு இளைஞர்களின் வேலை.